வாகனத்தில் எல்லை தாண்டுவோருக்குப் பிரிட்டன் அரசின் பயண அறிவுரைப் பக்கங்கள்: ஒரு மதிப்புரை

பிரிட்டனில் பதிவு செய்த ஒரு ஜீப்பை ஓட்டிக்கொண்டு துருக்கி, காகசஸ், மத்திய ஆசியா வழியாகப் பாகிஸ்தானின் வடக்கு மலைகள் வரை போய் வர வேண்டும் என்று நண்பர்கள் சிலரும் நானும் 2025ஆம் ஆண்டு திட்டமிடத் தொடங்கினோம். எந்தப் பாதையில் எவ்வளவு ஆபத்து என்று எடைபோட நாங்கள் முதலில் எடுத்துக்கொண்டவை, பிரிட்டன் வெளியுறவு அமைச்சகம் நாடுவாரியாக வெளியிடும் பயண அறிவுரைப் பக்கங்கள். விமானத்தில் போய் இறங்கி, விடுதியில் தங்கி, ஊர் பார்த்துத் திரும்புகிறவரை மனத்தில் வைத்தே அவை பெரும்பாலும் எழுதப்பட்டிருக்கின்றன. சொந்த வாகனத்தில் நாடுகளைக் கடப்பவரின் நிலை வேறு. அவர் நகரங்களைத் தேர்ந்தெடுப்பதோடு, நகரங்களுக்கு நடுவிலுள்ள ஒவ்வொரு கிலோமீட்டரையும் தேர்ந்தெடுத்தாக வேண்டும். கலவரம் மூண்டால் வண்டியைத் தெருவில் நிறுத்திவிட்டு விமானம் ஏறிவிடவும் முடியாது, ஏனென்றால் கார்னே எனப்படும் சுங்க உறுதி ஆவணத்தின் பேரில் ஒரு நாட்டுக்குள் கொண்டுபோன வண்டியைத் திரும்ப வெளியே கொண்டுவரவில்லை என்றால் அதற்குரிய இறக்குமதி வரி அவர் தலையில்தான் விழும். அப்படிப்பட்ட பயணிக்கு இந்தச் சேவை எங்கே கைகொடுக்கிறது, எங்கே கைவிடுகிறது என்பதை, ஒப்பிட்டுப் பார்த்த அமெரிக்க, ஆஸ்திரேலிய, இந்திய அரசு அறிவிப்புகளையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். இந்த அறிவுரைகள் அடிக்கடி மாறுபவை. கீழே சொல்பவை நாங்கள் திட்டமிட்ட காலத்து நிலை.

சேவை இலவசம். ஒவ்வொரு நாட்டுக்கும் எச்சரிக்கையும் காப்பீடும், நுழைவு விதிகள், பாதுகாப்பு, உடல்நலம், உதவி பெறும் வழி என்று தனித்தனிப் பக்கங்கள் இருக்கின்றன. பல நாடுகளுக்கு வட்டாரவாரியான ஆபத்துகளைச் சொல்லும் பக்கமும் உண்டு. வரைபடத்தில் 'எந்தப் பயணமும் வேண்டாம்' என்ற பகுதி சிவப்பாகவும், 'மிக அவசியமான பயணம் தவிர வேண்டாம்' என்ற பகுதி ஆரஞ்சு நிறத்திலும், மற்றவை பச்சையாகவும் இருக்கும். கடைசியாக எந்த நாளில் எந்த வரி மாறியது என்பதையும் குறிப்பிடுகிறார்கள். மின்னஞ்சல் முகவரியைப் பதிந்து வைத்தால் மாற்றம் வரும்போதெல்லாம் அறிவிப்பு வரும். முழு வழிகாட்டியையும் ஒரே ஆவணமாக அச்சிட்டுக்கொள்ளும் வசதி இருப்பதை நான் பெரிதாக மதிக்கிறேன். கைப்பேசிச் சிக்னல் இல்லாத கணவாயில் கையில் இருக்கும் காகிதம் மட்டுமே பேசும்.

இந்தச் சேவையின் மிகப் பெரிய பலம், ஆபத்தை நாட்டளவில் நிறுத்திவிடாமல் சாலையளவில் சொல்லும் துல்லியம்தான். பாகிஸ்தான் பக்கம் இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு. ஆப்கானிஸ்தான் எல்லையிலிருந்தும் காஷ்மீர் கட்டுப்பாட்டுக் கோட்டிலிருந்தும் 10 மைல் தூரத்துக்குள் போக வேண்டாம் என்கிறது. பலூசிஸ்தான் மாகாணம் சிவப்பு; ஆனால் என்-10 நெடுஞ்சாலையும் அதற்குத் தெற்கே உள்ள கடற்கரையும், அங்கிருந்து சிந்து எல்லை வரை செல்லும் என்-25 சாலையின் ஒரு துண்டும் மட்டும் ஒரு படி கீழே ஆரஞ்சில் வைக்கப்பட்டிருக்கின்றன. கில்கிட்டுக்கும் ஹூன்சாவுக்கும் போகிறவர்கள் எல்லோரும் கனவு காணும் காரகோரம் நெடுஞ்சாலையான என்-35இல், மான்சேராவிலிருந்து பட்டகிராம், பேஷம், தாசு, சாசின் வழியாகச் சிலாஸ் வரையிலான பகுதி மட்டும் சிவப்பு. சாலை எண்ணும் ஊர்ப் பெயரும் சொல்லி எழுதப்பட்ட எச்சரிக்கையை வண்டி ஓட்டுபவர் நேரடியாகத் தன் வழித்தடத்தின் மேல் வைத்துப் பார்க்க முடியும். 'நாட்டின் வடமேற்கில் கவனம் தேவை' என்பது போன்ற வாக்கியத்தால் அந்தப் பயன் கிடைக்காது.

அந்தச் சிவப்புத் துண்டுக்குக் காரணம் இருக்கிறது. 2021 ஜூலையில் தாசு அணைக்கட்டு வேலைக்குச் சென்ற பேருந்து தாக்கப்பட்டு 9 சீனர்கள் உட்பட 13 பேர் இறந்தார்கள். 2024 மார்ச்சில் பேஷம் அருகே தற்கொலைத் தாக்குதலில் 5 சீனர்களும் அவர்களின் ஓட்டுநரும் கொல்லப்பட்டார்கள். இவை இரண்டும் சீனப் பொறியாளர்களைக் குறிவைத்தவை, ஆகவே நமக்கு ஆபத்தில்லை என்று வாதிடும் பயணிகளைப் பார்த்திருக்கிறேன். அந்த வாதத்தை ஏற்க முடியாது. 2023 டிசம்பரில் சிலாஸ் அருகே, மலை மக்களை ஏற்றிக்கொண்டு ராவல்பிண்டிக்குப் போய்க்கொண்டிருந்த சாதாரணப் பயணிகள் பேருந்தும் துப்பாக்கிச் சூட்டுக்கு இலக்கானது, அதிலும் பலர் இறந்தார்கள்.

ஆனால் இந்தப் பக்கத்தைப் படித்து முடித்தவர் இயல்பாக என்ன முடிவுக்கு வருவார் என்று பாருங்கள். சிவப்புத் துண்டைத் தவிர்க்க, நாரான் வழியாக 4,173 மீட்டர் உயரமுள்ள பாபுசர் கணவாயை ஏறி இறங்கிச் சிலாஸ் அருகே மீண்டும் நெடுஞ்சாலையைப் பிடிக்கும் என்-15 சாலையைத் தேர்ந்தெடுப்பார். கோடை மாதங்களில் மட்டுமே திறந்திருக்கும் அந்தச் சாலையில் எந்தப் பயங்கரவாத எச்சரிக்கையும் இல்லை என்பதால் அது 'பாதுகாப்பான' வழி ஆகிவிடுகிறது. அதே சாலையில்தான் 2019 செப்டம்பரில் ஸ்கார்டுவிலிருந்து வந்த பேருந்து ஒன்று பாபுசர் அருகே மலைமேல் மோதி 26 பேர் இறந்தார்கள். 2025 ஜூலையில் மேகவெடிப்பால் வந்த திடீர் வெள்ளம் அங்கே சுற்றுலா வாகனங்களை அடித்துக்கொண்டு போனது. பலர் உயிரிழந்தார்கள், பலரைக் காணவில்லை. கணவாயிலிருந்து சிலாஸ் பக்கம் இறங்கும்போது சில பத்துக் கிலோமீட்டருக்குள் ஏறத்தாழ 3,000 மீட்டர் உயரம் குறைகிறது. அவ்வளவு நீண்ட சரிவில் கீழ் கியரில் இறங்காமல் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வரும் சுமையேற்றிய ஜீப்பின் பிரேக், அளவுக்கு மீறிச் சூடேறிப் பிடிப்பை இழந்துவிடும். மழைக்காலப் பிற்பகலில் ஓடைகளுக்குக் குறுக்கே வண்டியை நிறுத்தக் கூடாது என்பதும், கீழ் கியரில் இறங்க வேண்டும் என்பதும், பிரேக் எண்ணெயைக் கிளம்பும் முன்பே புதிதாக மாற்ற வேண்டும் என்பதும் அந்தப் பயணியின் உயிரைக் காக்கும் செய்திகள். வரைபடத்தின் நிறம் இவற்றில் ஒன்றையும் சொல்வதில்லை.

இதுதான் இந்தச் சேவை பற்றிய என் முதன்மையான குறை. அமெரிக்க, கனடியப் பக்கங்களுக்கும் இது பொருந்தும். மனிதன் மனிதனுக்குச் செய்யக்கூடிய தீங்கை இவை நிறம் தீட்டி முன்னே வைக்கின்றன. சாலை மனிதனுக்குச் செய்யும் தீங்கை உள்ளே ஒரு பத்தியில் வைக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட அறிக்கையின்படி ஆண்டுக்கு 11 லட்சத்து 90 ஆயிரம் பேர் சாலை விபத்துகளில் இறக்கிறார்கள். அவற்றில் 92 சதவீதம் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் நிகழ்கின்றன. 5 முதல் 29 வயது வரை உள்ளவர்களின் இறப்புக்கு முதல் காரணமே சாலைதான். வாகனப் பயணி ஒரு நாட்டில் கழிக்கும் விழித்த நேரத்தில் பெரும்பகுதியைச் சாலையிலேயே கழிக்கிறார் என்பதை இதோடு சேர்த்துப் பார்த்தால், பச்சை நிறத்தில் இருக்கும் நாட்டில் இருட்டியபின் விளக்கில்லாத லாரிகளுக்கு நடுவே ஓட்டும் மூன்று மணி நேரத்தை, எந்த நிறமும் தீட்டப்படாத பெரிய ஆபத்தாக அவர் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது விளங்கும். இந்த இடத்தில் ஆஸ்திரேலிய அரசின் பயண அறிவுரை ஒரு படி மேலே நிற்கிறது. சில நாடுகளுக்கு, சாலை விபத்தில் இறக்கும் வாய்ப்பு ஆஸ்திரேலியாவைவிட எத்தனை மடங்கு என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறார்கள். வீட்டில் உட்கார்ந்து பாதை வகுக்கும் குடும்பத்தலைவருக்கு அந்த ஒரு வரி உறைக்கும்.

அமெரிக்க அறிவுரையில் எனக்கு மிகவும் பயன்பட்டது, 2018 ஜனவரியில் அறிமுகமான, நாடுகளை ஆபத்துப்படி ஒன்று முதல் நான்கு வரை வகைப்படுத்தும் படிநிலை எண்ணைவிட, பக்கத்தின் உள்ளே புதைந்து கிடக்கும் ஒரு வகைச் செய்தி: தூதரக ஊழியர்களுக்கு அரசு விதித்திருக்கும் பயணக் கட்டுப்பாடு. மெக்சிகோ பக்கம் மாநிலம் மாநிலமாக இதை விரிவாகத் தருகிறது. அரசு ஊழியர்கள் இருட்டிய பின் நகரங்களுக்கு இடையே பயணம் செய்யக் கூடாது, இந்த மாநிலத்தில் இந்தச் சுங்கச்சாலையைத்தான் பயன்படுத்த வேண்டும், தெருவில் போகும் டாக்சியைக் கைகாட்டி நிறுத்தி ஏறக் கூடாது என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள். பொதுமக்களுக்குச் சொல்லும் எச்சரிக்கை எப்போதும் ஒருபடி கூட்டியோ குறைத்தோ சொல்லப்படலாம். சொந்த ஊழியர்களை அனுப்பும்போது அரசு கடைப்பிடிக்கும் விதி, அந்த ஊரை அறிந்தவர்கள் அன்றாடம் வாழும் முறை. எந்த நாட்டுக்குப் போவதாக இருந்தாலும் அமெரிக்கப் பக்கத்தில் இந்தப் பத்தி இருக்கிறதா என்று தேடிப் படியுங்கள் என்பது என் உறுதியான பரிந்துரை.

அதே மெக்சிகோவை வைத்து, வரைபட நிறத்தை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதையும் பார்க்கலாம். வடமேற்கிலுள்ள பாஹா கலிபோர்னியா மாநிலம் முழுவதையும் அமெரிக்கா மூன்றாம் படியில், அதாவது பயணத்தை மறுபரிசீலனை செய்யுங்கள் என்ற நிலையில், வைத்திருந்தது. பிரிட்டன் திஹுவானா, தெக்காதே நகரப் பகுதிகளை மட்டும் ஆரஞ்சில் வைத்து, திஹுவானாவைக் கடந்து எல்லைக்குச் செல்லும் சுங்கச்சாலைக்கு விலக்கும் கொடுத்திருந்தது. 2024 ஏப்ரலில் என்செனாடாவுக்குத் தெற்கே ஆளில்லாக் கடற்கரையில் பிக்கப் வண்டியோடு கூடாரமிட்டிருந்த மூன்று அலைச்சறுக்கு இளைஞர்கள் கொல்லப்பட்டார்கள். வண்டியை, குறிப்பாக அதன் டயர்களைத் திருட வந்தவர்களே கொன்றார்கள் என்று மாநில அரசு வழக்கறிஞர்கள் கூறினார்கள். பிரிட்டன் வரைபடத்தின் ஆரஞ்சுப் பகுதிக்கு வெளியே நடந்த கொலை அது. அதற்காக வரைபடம் தவறு என்று சொல்ல மாட்டேன். நகரத்துக்குள் நடக்கும் கும்பல் வன்முறையை அளக்கும் கருவியால், தனித்த கடற்கரையில் இரவு தங்குவதன் ஆபத்தை அளக்க முடியாது. எந்த மாநிலம் என்பதைவிட எந்த இடத்தில் தூங்குகிறோம் என்பதே அங்கே ஆபத்தைத் தீர்மானித்தது. வேலியிட்ட வளாகத்தில், காவலாளி இருக்கும் பெட்ரோல் நிலையத்தில், அல்லது கேட்டு அனுமதி பெற்ற ஒரு வீட்டு முற்றத்தில் இரவு நிற்பது என்ற வழக்கம் இதனால்தான் பழகிய வாகனப் பயணிகளிடம் இருக்கிறது.

இப்போது எங்கள் பாதைக்கு வருகிறேன். ஐரோப்பாவிலிருந்து மத்திய ஆசியாவுக்குத் தரைவழியில் போக மூன்று வாயில்கள் இருக்கின்றன: வடக்கே ஜார்ஜியாவிலிருந்து லார்ஸ் எல்லைக் கடவை தாண்டி ரஷ்யா வழியாகக் கஜகஸ்தான், தெற்கே ஈரான் வழியாகத் துர்க்மெனிஸ்தான், நடுவில் அஜர்பைஜானின் பாகு அருகிலிருந்து காஸ்பியன் கடலைக் கப்பலில் கடந்து கஜகஸ்தானின் துறைமுக நகரான அக்தாவ். வரைபடத்தைத் திறந்தால் ரஷ்யாவும் ஈரானும் ஒரே சிவப்பு. அஜர்பைஜானின் பெரும்பகுதி பச்சை. நிறத்தை மட்டும் நம்பினால் நடு வாயில்தான் விடை. ஆனால் 2020 மார்ச்சில் தொற்றுநோயைக் காரணம் காட்டி மூடிய தரை எல்லைகளை அஜர்பைஜான் சாதாரணப் பயணிகளுக்குத் திறக்காமல் ஆண்டுகளாக நீட்டித்துக்கொண்டே வந்திருக்கிறது. விமானத்தில் இறங்கலாம், ஜார்ஜியாவிலிருந்து வண்டியோடு நுழைய முடியாது. பிரிட்டன் பக்கம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. ஆனால் சொல்லும் இடம் நுழைவு விதிகள் பகுதி. எச்சரிக்கைப் பகுதியைப் படித்துவிட்டு மூடிவிடுகிறவர் கண்ணில் அது படாது. வாகனப் பயணி முதலில் படிக்க வேண்டியது நுழைவு விதிகளைத்தான் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

சிவப்பாக இருக்கும் மற்ற இரண்டும் ஒரே வகைச் சிவப்பு இல்லை. ரஷ்யாவில் அச்சம் ட்ரோன் தாக்குதல், காவலில் எடுக்கப்படும் வாய்ப்பு, தூதரகம் உதவ முடியாத நிலை ஆகியவை. அதோடு 2022 மார்ச்சிலிருந்து வெளிநாட்டு வங்கிகள் தந்த விசா, மாஸ்டர்கார்டு பண அட்டைகள் அங்கே செல்லாது என்பதால், வண்டி பழுதானால் பழுதுபார்க்கும் பணம் முழுவதையும் ரொக்கமாகக் கையிலேயே வைத்திருக்க வேண்டும். பல ஐரோப்பியப் பயணிகள் லார்ஸில் நுழைந்து, சில நாள்களில் அஸ்த்ரகான் தாண்டிக் கஜகஸ்தானுக்குள் போய்விடுகிறார்கள் என்பது உண்மை. அவர்கள் எடுக்கும் ஆபத்தின் அளவு, அந்த நாட்டில் எத்தனை நாள் இருக்கிறோம், எந்த நகரங்களைத் தொடுகிறோம், கைப்பேசியில் என்ன இருக்கிறது என்பவற்றைப் பொறுத்து மாறும். ஈரானின் சிவப்பு அப்படிப்பட்டதன்று. பிரிட்டன் கடவுச்சீட்டு வைத்திருப்பதே ஒருவரைச் சிறைப்பிடிக்கப் போதுமான காரணமாகலாம் என்று அந்தப் பக்கம் வெளிப்படையாக எழுதியிருக்கிறது. 2025 ஜனவரியில் மோட்டார் சைக்கிளில் உலகப் பயணம் செய்துகொண்டிருந்த ஒரு பிரிட்டிஷ் தம்பதியர் ஆர்மேனியா வழியாக நுழைந்து பாகிஸ்தானை நோக்கிப் போகும் வழியில் அங்கே கைது செய்யப்பட்டு, உளவுக் குற்றம் சாட்டப்பட்டார்கள். கவனமாக ஓட்டுவதாலோ பகலில் மட்டும் ஓட்டுவதாலோ குறைக்கக்கூடிய ஆபத்தன்று இது. நம் நடத்தையால் குறையும் ஆபத்தையும் குறையாத ஆபத்தையும் பிரித்துப் பார்ப்பதே எடைபோடுதலின் முதல் வேலை. இரண்டுக்கும் ஒரே நிறம் கொடுக்கும் வரைபடம் அந்த வேலையை நமக்காகச் செய்யாது.

எங்கள் குழுவில் ஒருவரிடம் இந்தியக் கடவுச்சீட்டு இருக்கிறது. அதே ஈரானை அவருக்காகப் பார்த்தபோது படம் மாறியது. பிரிட்டன் குடிமக்களுக்குள்ள அந்தக் குறிப்பிட்ட சிறை ஆபத்து அவருக்கு அதே அளவில் இல்லை; ஆனால் வேறு ஆபத்துகள் இருந்தன. 2024 பிப்ரவரியில் இந்தியர்களுக்கு ஈரான் அறிவித்த விசா விலக்கு விமானத்தில் வருவோருக்கு மட்டுமே, தரை எல்லைக்கு அது பொருந்தாது. அந்த விலக்கும், வேலை ஆசை காட்டி வரவழைத்துக் கடத்திப் பணம் பறிக்கும் கும்பல்களுக்கு வழியாகிவிட்டதால், 2025 நவம்பரில் நிறுத்தப்பட்டது. 2025 ஜூனில் போர் மூண்டு வான்வழி மூடியபோது, ஈரானின் ஊர்மியா நகரிலிருந்த இந்திய மாணவர்கள் பேருந்தில் ஆர்மேனிய எல்லை தாண்டித்தான் வெளியேற்றப்பட்டார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் தரை எல்லையே உயிர் வழி என்பதால், எந்த நாட்டுக்குள் போனாலும் பின்வாங்குவதற்கான இரண்டாவது எல்லை எது, அந்த அண்டை நாட்டு விசா கையில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதை நாங்கள் அந்த நிகழ்விலிருந்து எடுத்துக்கொண்டோம். இந்திய வெளியுறவு அமைச்சகம் எல்லா நாடுகளுக்கும் படிநிலை வகுத்துப் பக்கம் வைத்திருப்பதில்லை; நெருக்கடி வரும்போது தனித்தனி அறிவிப்பாகவும், அந்தந்தத் தூதரகத் தளங்களிலும் வெளியிடுகிறது. ஆகவே இந்தியக் கடவுச்சீட்டோடு வண்டி எடுப்பவர், பாதையிலுள்ள ஒவ்வொரு இந்தியத் தூதரகத் தளத்தையும் தனியாகப் பார்த்து வைத்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. ஒரே வண்டியில் இரண்டு நாட்டுக் கடவுச்சீட்டுகள் இருந்தால், இரண்டில் எது கடுமையோ அதுவே வண்டியின் விதி.

காப்பீடு பற்றி ஒரு எச்சரிக்கை. வெளியுறவு அமைச்சகத்தின் அறிவுரைக்கு மாறாகப் பயணம் செய்தால் பயணக் காப்பீடு செல்லாமல் போகலாம் என்று ஒவ்வொரு பக்கமும் சொல்கிறது. 'போகலாம்' என்ற அந்தச் சொல்லுக்குள் நிறைய வேறுபாடு இருக்கிறது. சிவப்புப் பகுதிக்குள் நிகழ்ந்ததற்கு மட்டும் பணம் தர மாட்டார்களா, அல்லது அதற்குள் ஒரு முறை நுழைந்ததால் பயணம் முழுமைக்கும் காப்பீடு விழுந்துவிடுமா, மலையிலிருந்து ஹெலிகாப்டரில் தூக்கும் செலவுக்கு உயர வரம்பு உண்டா, வாடகை ஜீப்பை மண் சாலையில் ஓட்டினால் ஏற்பார்களா என்று நான்கையும் எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்க வேண்டும். 'மிக அவசியமான பயணம்' எது என்பதைப் பயணியே முடிவு செய்ய வேண்டும் என்று அரசு ஒதுங்கிக்கொள்கிறது. சுற்றுலாவை அவசியம் என்று காப்பீட்டு நிறுவனம் ஒத்துக்கொள்ளும் என எதிர்பார்க்க வேண்டாம். வண்டிக்கான மூன்றாம் தரப்புக் காப்பீடு தனிக் கணக்கு. பச்சை அட்டை எனப்படும் ஐரோப்பிய வாகனக் காப்பீட்டுச் சான்று மத்திய ஆசியாவில் செல்லாது. எல்லைக்கு எல்லை உள்ளூர்க் காப்பீடு வாங்க வேண்டியிருக்கும்.

பக்கத்தின் உள்ளே, சட்டங்களும் பண்பாடும் என்ற தலைப்பின் கீழ் இருக்கும் வரிகளையும் தவறவிடாதீர்கள். இந்தியா பற்றிய பக்கத்தில், உரிமம் இல்லாமல் செயற்கைக்கோள் தொலைபேசியும் செயற்கைக்கோள் வழி இயங்கும் வழிகாட்டிக் கருவிகளும் கொண்டுவருவது சட்டவிரோதம், பிரிட்டன் குடிமக்கள் இதற்காகக் கைது செய்யப்பட்டிருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறது. மலையில் விபத்து நேர்ந்தால் உதவி கேட்க வாகனப் பயணிகள் இடுப்பில் மாட்டிக்கொள்ளும் சிறிய செய்திக் கருவியே பலருக்கு இந்தச் சிக்கலைக் கொண்டுவந்திருக்கிறது. தஜிகிஸ்தானின் பாமிர் மேட்டுநிலத்தில் உயிர் காக்கும் பொருள், இந்திய விமான நிலையத்தில் வழக்குக்குக் காரணமாகிறது. ஊர் திரும்பும் வழியில் உறவினரைப் பார்க்கச் சென்னையோ மதுரையோ போக நினைக்கும் நம்மவர்கள், அந்தக் கருவியை வேறு ஒருவர் கையில் கொடுத்துவிட்டு விமானம் ஏறுவது நல்லது.

வேகமாக மாறும் எல்லை நிலவரத்தில் இந்தச் சேவை ஓரளவே உதவுகிறது. கிர்கிஸ்தான், தஜிகிஸ்தான் எல்லை 2021இல் மோதலுக்குப் பின் மூடப்பட்டது. 2022 செப்டம்பரில் ஏறத்தாழ நூறு பேர் இறந்த சண்டை நடந்தது. 2025 மார்ச் 13 அன்று இரு நாட்டு அதிபர்களும் எல்லை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபின் கடவைகள் திறந்தன. இத்தகைய பெரிய மாற்றங்கள் அறிவுரைப் பக்கத்தில் ஏறுகின்றன. 2025 ஜூலை 8 அன்று ரசுவாகடியில் நேபாளத்தையும் திபெத்தையும் இணைத்த பாலத்தை வெள்ளம் அடித்துச் சென்றது போன்ற செய்தி, அந்தப் பாதையில் வண்டியோடு நிற்கும் பயணிகளிடமிருந்தே முதலில் வரும். இந்தியாவிலிருந்து கிழக்கே தாய்லாந்துக்கு ஓட்டிச் செல்லும் மணிப்பூர்ப் பாதைக்கும் இது பொருந்தும். மியான்மரில் 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பின் அந்தப் பயணம் நின்றுபோனது. 2023 மே மாதத்திலிருந்து மணிப்பூரே கலவரத்தில் சிக்கியது. பர்மாவிலிருந்து வந்து எல்லை ஊரான மோரேயில் குடியேறிய தமிழர்கள் கோயில் கட்டி வாழும் பாதை அது என்பதால், அது மீண்டும் திறக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு இருக்கிறது. ஆனால் ஆசை, திட்டத்தில் ஒரு வரியாகக்கூட நுழையக் கூடாது.

இவ்வளவையும் படித்தபின் நாங்கள் செய்தது, நாடுவாரியாக எழுதிய திட்டத்தைக் கிழித்துவிட்டு நாள்வாரியாக எழுதியது. ஒவ்வொரு நாளுக்கும் எத்தனை மணி நேர ஓட்டம், இருட்டுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே போய்ச் சேர முடியுமா, இரவு தூங்கும் இடத்தின் உயரம் முந்தைய இரவைவிட எவ்வளவு கூடுகிறது, அறுவை சிகிச்சை செய்யக்கூடிய மருத்துவமனை எத்தனை மணி தூரம், பின்வாங்கும் வழி எது என்று எழுதினோம். எழுதியவுடன், நாங்கள் அஞ்சிக்கொண்டிருந்த இடங்களும் உண்மையில் அஞ்ச வேண்டிய இடங்களும் வேறு வேறு என்று தெரிந்தது. பாமிர் நெடுஞ்சாலையில் எல்லோரும் ஆப்கான் எல்லையை நினைத்துத்தான் கலங்குகிறார்கள். அந்த எல்லையாக ஓடும் பாஞ்ச் ஆற்றின் கரைப் பகுதியைப் பொறுத்தவரை அந்தக் கவலைக்கு இடமும் இருக்கிறது. ஆனால் 1,000 மீட்டர் உயரத்திலுள்ள கிர்கிஸ்தானின் ஓஷ் நகரிலிருந்து காலையில் கிளம்பி, 4,280 மீட்டர் கைசில்-ஆர்ட் கணவாயைத் தாண்டி, அன்று இரவே 3,900 மீட்டரில் காராகுல் ஏரிக்கரையில் தூங்குவது என்று எங்கள் முதல் திட்டம் சொன்னது. மறுநாள் 4,655 மீட்டர் அக்-பைத்தால் கணவாய். உயர நோய் வந்து நுரையீரலில் நீர் கோத்தால் முதன்மையான மருந்து கீழே இறங்குவதுதான். அந்த மேட்டுநிலத்தில் விரைவாகக் கீழே இறங்க இடமே கிடையாது. அந்த ஒரு இரவு, எங்கள் திட்டத்திலேயே மிக ஆபத்தான இரவு. உடல்நலப் பகுதியில் உயர நோய் பற்றிய இணைப்பு இருக்கிறது என்றாலும், வழித்தடத்தோடு பொருத்திப் பார்க்கும் வேலை பயணியுடையது. இப்போது கணவாய்க்கு முன்பே உள்ள சாரி-தாஷ் ஊரில், 3,100 மீட்டர் அளவில், இரண்டு இரவுகள் தங்கிப் பிறகு ஏறுவதாக மாற்றியிருக்கிறோம்.

மூன்று வாயில்களில் இரண்டு சிவப்பாகவும் ஒன்று பூட்டியும் இருந்ததால், ஜீப்பைப் பிரிட்டனிலிருந்து ஓட்டிச் செல்லும் எண்ணத்தைக் கைவிட்டோம். ஓஷுக்கு விமானத்தில் போய், அங்கே நான்கு சக்கர இயக்கமுள்ள வாகனத்தை வாடகைக்கு எடுத்து, கிர்கிஸ்தானிலும் தஜிகிஸ்தானிலும் மட்டும் ஓட்டுவது என்று முடிவு. பாகிஸ்தான் பகுதி, இந்தியக் கடவுச்சீட்டு நண்பருக்குச் சாத்தியமே இல்லை என்பதால், தனிப் பயணமாகத் தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது. சொந்த வண்டியில் லண்டனிலிருந்து கிளம்பும் பெருமை போய்விட்டதே என்ற வருத்தம் குழுவில் சிலருக்கு உண்டு, எனக்கு இல்லை.

ஆகவே என் மதிப்பீடு இது. பாதையின் எந்தத் துண்டில் தாக்குதல், கடத்தல், கைது ஆகிய ஆபத்துகள் இருக்கின்றன என்று அறிய, பிரிட்டன் பக்கங்களைவிடத் துல்லியமாக எழுதப்பட்ட இலவசச் சேவையை நான் பார்க்கவில்லை. அதற்காக இதைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். சாலை, உயரம், வானிலை, வண்டியின் நிலை ஆகியவற்றுக்கு இதை நம்பினால் ஏமாற்றமே மிஞ்சும். அவற்றுக்கு ஆஸ்திரேலியப் பக்கத்தின் சாலைப் பகுதியும், அந்தப் பாதையில் அண்மையில் ஓட்டியவர்களின் குறிப்புகளும் தேவை. பிரிட்டன் குடிமக்கள் அல்லாதவர்கள் பாதுகாப்புப் பகுதியை எடுத்துக்கொண்டு, நுழைவு விதிகளையும் கைது ஆபத்தையும் தங்கள் நாட்டு மூலங்களில் தனியாகச் சரிபார்க்க வேண்டும். மின்னஞ்சல் அறிவிப்பைப் போகும் நாடுகளுக்கு மட்டுமின்றி அவற்றின் அண்டை நாடுகளுக்கும் சேர்த்துப் பதியுங்கள்; ஊரில் இருக்கும் ஒருவரின் முகவரியையும் சேர்த்துப் பதிந்து, நிறம் மாறினால் உங்களுக்குச் செயற்கைக்கோள் வழியாக இரண்டு வரிச் செய்தி அனுப்பும் பொறுப்பை அவரிடம் ஒப்படையுங்கள்.